விதை நெல்லும் பிள்ளைகளின் எதிர்காலமும்

வீட்டில் எவ்வளவு முடை வந்தாலும் விதை நெல்லில் கை வைக்காதவர் நம் உழவர். அறுவடை முடிந்ததும் விதைக்கு வேண்டியதை முதலில் பிரித்து, காயவைத்து, பத்திரப்படுத்திய பின்னரே எஞ்சியதை உண்ணவும் விற்கவும் எடுப்பர். இந்நல்வழக்கத்தைப் பண வரவிலும் கைக்கொண்டால் பிள்ளைகளின் கல்வி தடைப்படாது.

சில ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாதத்தில், ஒரு தாய் தம் இரு பெண்மக்களுடன் எம் அலுவலகத்திற்கு வந்தார். மூத்தவளுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. கட்டணத்திற்கும் விடுதிக்குமாகத் தந்தை நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டியில் ரூ. 20,000 கடன் வாங்கியிருந்தார். மாதம் ரூ. 1,000 வீதம், ஆண்டுக்கு ரூ. 12,000 வட்டியாக மட்டுமே போய்விடும். முதல் அப்படியே நிற்கும். “நான் படிப்பை நிறுத்திக்கொள்கிறேன், ஐயா” என்றாள் அப்பெண்.

அக்குடும்பத்தின் ஓராண்டு வரவு செலவை உடனிருந்து எழுதிப் பார்த்தோம். தை மாதத்தில் சம்பா நெல் விற்ற பணம், வாங்கிய கடனைக் காட்டிலும் மிகுதியாகவே கையில் இருந்தது. சித்திரைக்குள் அது மொய்க்கும் திருவிழாவிற்கும் சில்லறைச் செலவுகளுக்கும் கரைந்துவிட்டது. ஊதாரித்தனம் எதுவும் இல்லை. பணம் வந்த நாளிலே கட்டணத்திற்கென்று பிரித்து வைக்கவில்லை, குறை அவ்வளவே.

கந்துவட்டியைத் தடை செய்யும் சட்டம் நம் மாநிலத்தில் 2003-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஆயினும் சட்டம் துணைக்கு வருவது கடன்பட்ட பின்னரே. சேமிப்போ கடன்படுமுன்னரே காக்கும்.

உழவரின் வருவாய் ஆண்டில் ஓரிரு முறை மொத்தமாக வருகிறது. செலவோ நாள்தோறும் நேர்கிறது. ஆகவே நெல் விற்ற நாளிலேயே பணத்தை மூன்று பங்காக்குதல் வேண்டும். முதற்பங்கு, கடன் தவணைக்கும் அடுத்த சாகுபடிக்கும். இரண்டாவது, பிள்ளைகளின் சேமிப்புக்கு. மூன்றாவது, அடுத்த அறுவடை வரையிலான வீட்டுச் செலவுக்கு. மொய்யும் விருந்தும் மூன்றாம் பங்கிற்குள் அடங்க வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கெழுதி வருவது நலம்.

சேமிப்பை வீட்டில் வைத்தால் கை நீளும். பத்து வயது நிரம்பாத பெண் குழந்தைக்கு, 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற செல்வமகள் சேமிப்புக் கணக்கை அஞ்சலகத்தில் திறக்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது ரூ. 250 செலுத்த வேண்டும். பதினைந்து ஆண்டுகள் செலுத்தினால், கணக்குத் தொடங்கி இருபத்தோராம் ஆண்டில் முதிர்வடையும். பெண் பதினெட்டு வயது அடைந்தாலோ பத்தாம் வகுப்புத் தேறினாலோ, உயர்கல்விக்கென முந்தைய நிதியாண்டின் இறுதி இருப்பில் பாதி வரை எடுக்கலாம்.

வட்டி விகிதத்தை அரசு மூன்று மாதத்திற்கொரு முறை அறிவிக்கிறது. 2024 ஜனவரியில் அது 8.2 சதவிகிதமாக நிர்ணயிக்கப்பட்டது. அவ்வட்டி நீடிப்பதாகக் கொண்டால், ஆண்டுதோறும் அறுவடையின்போது ரூ. 3,000 செலுத்துவோருக்குப் பத்தாண்டில் ஏறத்தாழ ரூ. 47,000 சேரும். அவர் செலுத்தியதோ ரூ. 30,000 மட்டுமே. முதிர்வுக் காலத்தில் இருப்பு ரூ. 1,40,000-ஐத் தாண்டும். கடனில் நம்மை அழுத்தும் வட்டியே சேமிப்பில் நமக்காக உழைக்கிறது.

ஆண் பிள்ளைகளுக்குப் பொது வருங்கால வைப்பு நிதியும், மாதம் நூறு ரூபாயிலும் தொடங்கக்கூடிய ஐந்தாண்டுத் தொடர் வைப்பும் அஞ்சலகத்தில் உள்ளன. கூலி வேலை செய்வோருக்குத் தொடர் வைப்பு ஏற்றது.

அத்தாய் தம் மகளிர் சுயஉதவிக் குழுவில் குறைந்த வட்டிக்குக் கடன் பெற்று, கந்துவட்டிக் கடனை அடைத்தார். மூத்தவள் படிப்பை நிறுத்தவில்லை. அடுத்த தையில், நெல் விற்ற மறுநாளே, எட்டு வயது இளையவளின் பெயரில் அஞ்சலகக் கணக்குத் தொடங்கினார் தந்தை.

வாசகர்களே! வரும் அறுவடையில் விதை நெல்லை எடுத்து வைக்கும்போது, பிள்ளைகளின் பங்கையும் உடனே எடுத்து வையுங்கள்.