தானே கற்கும் யந்திரமும் நாம் தரும் கூலியும்



அண்மையில் சுருளிப்பட்டியில் சங்கக் கூட்டம் ஒன்று முடிந்தபின், இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு படக்காட்சியைச் சுற்றியிருந்தோருக்குக் காட்டினார். நான்கு கால் யந்திரம் ஒன்று கல்லிலும் சரிவிலும் நடந்து சென்றது. ஒருவர் அதை உதைத்துத் தள்ளியும் அது விழாமல் நிலை கொண்டது. “இதற்கு நடக்க ஒருவரும் சொல்லித் தரவில்லையாம், தானே கற்றுக்கொண்டதாம். நாளைக்குத் திராட்சைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடவும் இப்படியே கற்றுக்கொள்ளுமாம்” என்றார் அவர். அருகிலிருந்த பெரியவர் ஒருவர், “கற்றுக்கொள்ளட்டும் தம்பி, யார் தோட்டத்தில் கற்றுக்கொள்ளும்?” என்று கேட்டார். எல்லோரும் நகைத்தனர். ஆயினும் அது நகைத்து விட்டுவிடத்தக்க கேள்வியன்று. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கற்பது எவ்வாறு?

சாதாரண யந்திரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை மனிதன் முன்கூட்டியே வகுத்து வைக்கிறான். தானே கற்கும் யந்திரத்துக்கு அவ்வாறு வகுப்பதில்லை. அது ஒன்றைச் செய்து பார்க்கிறது. விளைவு நன்றாயின் ஒரு மதிப்பெண் கூடுகிறது, தீதாயின் குறைகிறது. மதிப்பெண் கூடிய செயல்களை மீண்டும் மீண்டும் செய்யும் பழக்கம் அதற்கு நாளடைவில் உண்டாகிறது. இதனை வலுவூட்டற் கற்றல் என்பர். அம்மதிப்பெண்ணை விஞ்ஞானிகள் வெகுமதி என்கின்றனர். நாம் கூலி என்றே கொள்ளலாம்.

1983ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பார்ட்டோ, சட்டன், ஆண்டர்சன் என்னும் மூவர் கணிப்பொறியினுள் ஒரு சிறு வண்டியையும் அதன்மேல் நின்ற ஒரு கம்பையும் அமைத்து ஆராய்ந்தனர். வண்டியை இடமோ வலமோ தள்ளிக் கம்பு விழாமல் காக்க வேண்டும். கம்பு விழுந்தால் மட்டுமே ‘தவறு’ என்னும் செய்தி கிட்டும். எந்தத் தள்ளலால் விழுந்தது என்பதை எவரும் சொல்லமாட்டார். இத்தடையைக் கடக்க அவர்கள் யந்திரத்தின் அறிவை இரு பகுதிகளாக்கினர். ஒன்று வேலை செய்யும். மற்றொன்று, ‘இந்நிலை நல்லதில் முடியுமா, கெட்டதில் முடியுமா’ என்று இடையிலேயே மதிப்பிடும். தறியில் இருப்பவர் ஒருவர், சேலை முடியுமுன்பே தரம் பார்த்துச் சொல்பவர் மற்றொருவர் என்று கொள்க. இத்துறைக்கு அடிகோலியமைக்காகப் பார்ட்டோவுக்கும் சட்டனுக்கும் 2024ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருது வழங்கப்பெற்றது. பார்ட்டோவிடம் பயின்று முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர் ரவீந்திரன் சென்னை ஐ.ஐ.டி.யில் இக்கலையை வளர்த்து வருகிறார். அவருடைய பாடங்களை என்.பி.டெல். வாயிலாக எவரும் கேட்கலாம்.

எண்ணும் வேலையும் அளவிடும் வேலையும்

சதுரங்கத்தில் அடுத்து வைக்கக்கூடிய காய்களை எண்ணிவிடலாம். ஆனால் நம் வேலைகள் அத்தகையன அல்ல. குழாயின் வால்வை எவ்வளவு திருப்புவது? கால் பங்கா, அதற்குச் சற்றுக் கூடுதலா? ஊடையைச் சேர்க்கும் அடி எவ்வளவு பலமாய் இருக்கவேண்டும்? இங்கே இரு அளவுகளுக்கு நடுவில் எண்ணற்ற அளவுகள் உள்ளன. யந்திரக் கையின் ஒவ்வொரு மூட்டுக்கும் எவ்வளவு விசை என்பதை ஒரு விநாடிக்குள் பன்முறை முடிவு செய்யவேண்டியிருப்பதும் இத்தகைய வேலையே. லண்டனிலுள்ள டீப்மைண்ட் நிறுவனத்தார் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட முறையொன்று, கணிப்பொறியினுள் அமைத்த 20க்கு மேற்பட்ட இத்தகைய வேலைகளைக் கற்றுக் காட்டியது. அதிலும் செய்பவன், மதிப்பிடுபவன் என்னும் அதே இரு பகுதிகள் இருந்தன.

யார் தோட்டத்தில்?

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். தவறு செய்தே கற்கும் மாணவனுக்குத் தவறு செய்ய இடம் வேண்டும். பன்னீர் திராட்சையில் கவாத்து முதல் அறுவடை வரை ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆகின்றன. நன்கு பராமரித்தால் இரண்டாண்டில் ஐந்து போகம் காணலாம். 1,000 போகம் செய்து பார்த்துத்தான் கற்கும் என்றால், ஒரே தோட்டத்தில் அதற்கு 400 ஆண்டுகள் வேண்டும்! பழம் கனியும் தருணத்தில் தண்ணீர் மிஞ்சினால் பழம் வெடித்துவிடும். அந்த ஒரு பாடத்துக்கே ஒரு குடும்பத்தின் ஒரு போக வருவாய் விலையாகிவிடும்.

ஆகவே விஞ்ஞானிகள் யந்திரத்தை முதலில் கணிப்பொறியினுள் உள்ள பொய்யான உலகத்தில் பழக்குகின்றனர். அங்கே விழுந்தால் கால் முறிவதில்லை. 2019ஆம் ஆண்டு சூரிச் நகரத்தார் தம் நான்கு கால் யந்திரத்தை இவ்வாறே பழக்கிப் பின் மெய்யான தரையில் நடத்திக் காட்டினர். அதே ஆண்டில் அமெரிக்காவின் ஓப்பன் ஏஐ நிறுவனம், யந்திரக் கை ஒன்றுக்கு வண்ணக் கனசதுரப் புதிரை ஒரே கையால் திருப்பப் பழக்கியது. பொய்யுலகில் அது பெற்ற பயிற்சி மொத்தம் ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்குச் சமம். அவ்வளவு பழகியும், மிகக் கடினமாகக் கலைத்த புதிரை 100க்கு 20 முறையே அதனால் முடிக்க இயன்றது. பொய்யுலகம் மெய்யுலகை முற்றும் ஒத்திராது என்பதே இதன் படிப்பினை. வேறு மண்ணை எண்ணி அமைத்த பொய்த் தோட்டத்தில் பழகிய யந்திரம் சுருளிப்பட்டி மண்ணின் ஈரத்தை அறியாது.

எதற்குக் கூலி?

இதனினும் பெரிய சங்கதி ஒன்று உண்டு. நான் தணிக்கை செய்த நெசவாளர் சங்கம் ஒன்றில் சிலகாலம் நீளத்தை மட்டும் அளந்து கூலி கொடுத்தனர். துணி விரைவாக வந்து குவிந்தது. ஆனால் அங்குலத்துக்குரிய ஊடை இழைகள் குறைந்துவிட்டன. சரக்கு திரும்பி வந்த பின்னரே இழையை எண்ணவும் எடை பார்க்கவும் தொடங்கினர். குற்றம் நெசவாளருடையதன்று, கூலி விதியை வகுத்தவர்களுடையது.

யந்திரமும் இவ்வாறே நடக்கும். 2016ஆம் ஆண்டு ஓப்பன் ஏஐ நிறுவனத்தார் படகுப் பந்தய விளையாட்டு ஒன்றைக் கணிப்பொறிக்குக் கற்பித்தனர். வழியிலுள்ள குறிகளை மோதினால் மதிப்பெண் என்று விதித்தனர். படகோ பந்தயத்தை முடிக்கவேயில்லை. ஓரிடத்திலேயே வட்டமிட்டு, மீண்டும் மீண்டும் தோன்றும் குறிகளை மோதி, தீப்பற்றியும் மதிப்பெண் குவித்துக்கொண்டிருந்தது. நெசவாளருக்காவது மனச்சாட்சி உண்டு, சங்கத்தின் நற்பெயரில் அக்கறை உண்டு. யந்திரத்துக்குக் கூலி ஒன்றே தெரியும். பழத்தின் எடைக்கு மட்டும் கூலி என்றால், இனிப்பையும் அடுத்த போகத்துக்கான கொடியின் பலத்தையும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரின் அருமையையும் அது கருதாது.

அங்கத்தினர் செய்யவேண்டுவது

இவ்வித்தை வேண்டாவென்பது என் கருத்தன்று. 2018ஆம் ஆண்டு நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகம் நடத்திய போட்டியில், கணிப்பொறியின் துணைகொண்டு தொலைவிலிருந்தே வெள்ளரி வளர்த்த குழுக்களுள் ஒன்று, அனுபவமிக்க விவசாயிகளைவிட மிகுந்த இலாபம் கண்டது. ஆனால் விற்க வருவோரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது எந்த மண்ணில், எந்தப் பயிரில் பழகியது? எவ்வெவற்றுக்குக் கூலி, எவற்றுக்கு அபராதம் என்று விதித்திருக்கிறீர்கள்? நாம் குறிக்கும் உச்ச அளவையும் குறைந்த அளவையும் அது மீறாதிருக்கவும், வேண்டும்போது நாமே கையால் வால்வை மூடவும் வழி உண்டா? கற்கும் காலத்தில் நேரும் நஷ்டம் யாருடையது?

விடைகளை எழுத்தில் பெறுங்கள். ஒருவர் தோட்டம் முழுவதையும் ஒப்படைப்பதைவிட, ஒரு பந்தலின் ஓரிரு வரிசைகளில் சங்கமே பொதுவில் சோதித்து, ஆதாயத்தையும் நஷ்டத்தையும் பொதுக்கணக்கில் எழுதுவது மேலாகும். தனியொருவரால் தாங்கவொண்ணாத நஷ்டத்தைப் பலர் கூடித் தாங்குவதற்கன்றோ கூட்டுறவு?

யந்திரம் கற்கட்டும். ஆனால் எதற்குக் கூலி என்பதைத் தறியையும் கொடியையும் அறிந்த கைகளே எழுதவேண்டும்.