சொந்த மண்ணில் சொந்த நாட்டையே தோற்கடித்த 'இரும்புச் சுத்தியல்' யார் தெரியுமா?

ஒலிம்பிக் வாலிபாலில் ஆடியும் தங்கம், பயிற்சியாளராக இருந்தும் தங்கம்! ஆண், பெண் இரு தரப்பையும் சேர்த்து இந்தச் சாதனையை முதலில் செய்தவர் ஒரு பெண் என்பது தெரியுமா? சீனாவின் லாங் பிங்தான் அவர். 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஆடி வென்றார். 2016-இல் ரியோவில் ஆட வைத்து வென்றார். இடையில் ஓடியவை 32 ஆண்டுகள்!

1960-இல் தியான்ஜினில் பிறந்தவர். உயரம் 1.84 மீட்டர். பெண்கள் வாலிபாலில் வலையின் உயரம் 2.24 மீட்டர். அதற்கு மேல் எழும்பி அவர் அடித்த ஸ்மாஷ்களைப் பார்த்துத்தான் 'இரும்புச் சுத்தியல்' என்ற பட்டப்பெயர் வந்தது. 1981 உலகக் கோப்பை, 1982 உலக சாம்பியன்ஷிப், 1984 ஒலிம்பிக், 1985 உலகக் கோப்பை என்று சீனப் பெண்கள் வரிசையாக அள்ளிய நான்கிலும் லாங் பிங் களத்தில் இருந்தார். 1986-இல் ஐந்தாவது பட்டம் வந்தபோது அவர் உதவிப் பயிற்சியாளர்!

அவர் ஆடிய நாட்களில் பாயிண்ட் எடுப்பது எவ்வளவு கடினம் தெரியுமா? சர்வீஸ் போடும் அணிக்கு மட்டும்தான் பாயிண்ட். எதிரணி சர்வீஸ் போடும்போது எப்பேர்ப்பட்ட ஸ்மாஷ் அடித்தாலும் சர்வீஸ் கைமாறும், அவ்வளவுதான், பாயிண்ட் ஏறாது! அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ரியோவில் அவர் பயிற்சியாளராக வென்றபோது விதியே வேறு. ஒவ்வொரு பந்துக்கும் பாயிண்ட், 25 எடுத்தால் செட் (ஐந்தாவது செட் மட்டும் 15). இரண்டு விதிகளிலும் ஒருவரே உச்சியைத் தொட்டிருக்கிறார்!

உலகப் புகழோடு இருந்தவர் 1987-இல் என்ன செய்தார் தெரியுமா? அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மை படித்துக்கொண்டே அங்குள்ள அணிக்கு உதவிப் பயிற்சியாளராகவும் இருந்தார். நாடு அழைத்ததும் 1990 உலக சாம்பியன்ஷிப்புக்காக மறுபடி ஷூ மாட்டினார். வெள்ளி! சீன அணி சரிந்து கிடந்தபோது 1995-இல் மீண்டும் அழைப்பு, இம்முறை பயிற்சியாளராக. அடுத்த ஆண்டே அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெள்ளி!

இனி வருவதுதான் நம்பவே முடியாதது. 2005-இல் அமெரிக்கப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளரானார். மகள் அங்கே வளர்ந்துகொண்டிருந்தாள், அவளருகில் இருக்க வேண்டும் என்பது ஒரு முக்கியக் காரணம். 2008 ஒலிம்பிக் எங்கே நடந்தது? பெய்ஜிங்கில்! குரூப் ஆட்டத்தில் அமெரிக்காவும் சீனாவும் மோதின. அரங்கம் நிறைய சீன ரசிகர்கள், எதிரணி பெஞ்சில் அவர்களுடைய லாங் பிங். 3-2 என்று அமெரிக்கா வென்றது! இறுதிவரை போன அந்த அணியிடமிருந்து தங்கத்தைப் பறித்தது பிரேசில். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

2013-இல் மீண்டும் சீனப் பயிற்சியாளர். ஷூ டிங் என்ற இளம்பெண்ணை முன்னிறுத்தி அணியைப் புதிதாகக் கட்டினார். 2015 உலகக் கோப்பை கைக்கு வந்தது. ஆனால் ரியோவில் என்ன ஆயிற்று தெரியுமா? குரூப்பின் ஐந்து ஆட்டங்களில் மூன்றில் தோல்வி! நெதர்லாந்திடம், செர்பியாவிடம், அமெரிக்காவிடம். தட்டுத்தடுமாறி நான்காம் இடத்தில் காலிறுதிக்குள் நுழைந்தால், எதிரே நிற்பது பிரேசில்! முந்தைய இரண்டு ஒலிம்பிக் தங்கங்களையும் வென்ற அணி, குரூப்பில் ஒரு செட்கூட இழக்காத அணி, சொந்த ஊர் ரசிகர்கள் வேறு. முதல் செட் 15-25. அத்தோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். முடியவில்லை! ஐந்தாவது செட் வரை இழுத்து 15-13 என்று பிரேசிலை வீட்டுக்கு அனுப்பியது சீனா. அரையிறுதியில் நெதர்லாந்து, இறுதியில் செர்பியா. குரூப்பில் தன்னைத் தோற்கடித்த இரண்டு அணிகளையும் வரிசையாகச் சாய்த்துத் தங்கம்!

இதிலும் ஒரு விந்தை. 1984-லும் குரூப்பில் அமெரிக்காவிடம் தோற்றுவிட்டு, இறுதியில் அதே அமெரிக்காவை 3-0 என்று வீழ்த்தித்தான் லாங் பிங்கின் சீனா தங்கம் வென்றது! அவருடைய இரண்டு தங்கங்களும், முதலில் தன்னை அடித்த அணியை இறுதியில் திருப்பி அடித்து வாங்கியவை.

2019 உலகக் கோப்பையில் ஆடிய 11 ஆட்டங்களிலும் வெற்றி. 2020-இல் அவர் கதையைத் தழுவி ஒரு சீனப் படம் வந்தது. லாங் பிங்காக நடித்தவர் கோங் லி. இளவயது லாங் பிங்காக நடித்தது யார் தெரியுமா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணிக்கு வாலிபால் ஆடிய அவருடைய சொந்த மகள்!

டோக்கியோ ஒலிம்பிக்கில் சீனா குரூப்பைத் தாண்டவில்லை, 2021-இல் அவர் விடைபெற்றார். அதனால் ஒரு இம்மிகூட அவர் குறைந்துவிடவில்லை. பெண்கள் வாலிபாலில் இப்படிக் களத்திலும் பெஞ்சிலும் ஆண்ட இன்னொருவர் இல்லை என்பேன். உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பந்தைத் தொட்டுப் பழகும் பெண்பிள்ளைகள் இருந்தால், ரியோ காலிறுதியின் ஐந்து செட்டையும் உட்காரவைத்துக் காட்டுங்கள்!