கற்பனைக் காற்பந்து லீக் வகைகளும் அவற்றின் நேரத் தேவையும்

ஃபேன்டசி ஃபுட்பால் எனப்படும் கற்பனைக் காற்பந்து என்பது, அமெரிக்கக் காற்பந்தின் என்.எஃப்.எல். தொடரில் ஆடும் வீரர்களைக் கொண்டு பங்கேற்பாளர்கள் தத்தமக்கு ஓர் அணியை அமைத்துக்கொள்ளும் போட்டியாகும். உண்மையான ஆட்டங்களில் அவ்வீரர்கள் கடக்கும் தூரமும் எடுக்கும் டச்டவுன்களும் புள்ளிகளாகக் கணக்கிடப்படும். 1962-இல் பில் விங்கன்பாக் வேறு சிலருடன் சேர்ந்து இதன் தொடக்க விதிகளை வகுத்தார். லீக்கின் வகையைப் பொறுத்து, இதற்குச் செலவாகும் நேரம் பெரிதும் மாறுபடும்.

டிராஃப்ட்

டிராஃப்ட் என்பது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு. 12 அணிகள், 15 சுற்றுகள் எனில் மொத்தம் 180 தேர்வுகள். ஒரு தேர்வுக்கு ஒரு நிமிடம் தரப்பட்டால் அதிகபட்சம் 3 மணி நேரமும், ஒன்றரை நிமிடம் தரப்பட்டால் நாலரை மணி நேரமும் ஆகலாம்.

வகைகள்

* ரீடிராஃப்ட்: ஆண்டுதோறும் புதிய அணி. 18 வாரப் பருவத்தில் வாரந்தோறும் ஆடும் வீரர்களை முடிவு செய்ய வேண்டும். களமிறங்காதோர் பட்டியல் ஆட்டத்திற்கு 90 நிமிடம் முன்னர்தான் வெளியாகும். அதைக் கவனியாவிட்டால் அந்த இடத்திற்குப் புள்ளி கிடைக்காது.
* கீப்பர்: சில வீரர்களை மட்டும் அடுத்த ஆண்டுக்குத் தக்கவைக்கலாம். ரீடிராஃப்ட் வேலையுடன், யாரை வைத்துக்கொள்வது என்ற முடிவும் சேரும்.
* டைனஸ்டி: ஏறத்தாழ முழு அணியும் தொடரும். ஏப்ரல் இறுதியில் நடக்கும் என்.எஃப்.எல். டிராஃப்டை ஒட்டிப் புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீரர் பரிமாற்றமும் ஆண்டு முழுவதும் நடக்கலாம். அதிக நேரம் கேட்பது இதுவே.
* பெஸ்ட் பால்: டிராஃப்டுடன் வேலை முடிந்துவிடும். அதிகப் புள்ளி பெற்ற வீரர்களை ஒவ்வொரு வாரமும் கணினியே கணக்கில் எடுத்துக்கொள்ளும். பொதுவாக இடையில் புதிய வீரரைச் சேர்க்க முடியாது.
* தினசரி வகை: ஒரு நாள் அல்லது ஒரு வார ஆட்டங்களுடன் முடிவது. விரும்பிய வாரத்தில் மட்டும் கலந்துகொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அணியைப் புதிதாக அமைக்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

பருவத்தின் நடுவில் ஒருவர் அணியைக் கைவிட்டால் இழப்பு அவருக்கு மட்டுமன்று. அந்த அணியை அதன்பின் எதிர்கொள்பவர் எளிதாக வெல்வார். முன்னரே அதனிடம் தோற்றவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இதனால் தரவரிசை முழுவதும் நியாயமற்றதாகிவிடும். எனவே சேருமுன் டிராஃப்ட் நாளை மட்டும் எண்ணாமல், செப்டம்பர் முதல் ஜனவரித் தொடக்கம் வரை வாரந்தோறும் நேரம் ஒதுக்க முடியுமா என்று பார்ப்பது நல்லது. முடியாதவர்களுக்குப் பெஸ்ட் பால் ஏற்றது. ஒரு பருவத்தையாவது ரீடிராஃப்டில் முழுமையாக ஆடி முடித்தபின் டைனஸ்டியில் சேரலாம்.