எதிரெதிர் பெஞ்சுகளின் அரசியல்

பிரிட்டிஷ் மக்களவையில் உறுப்பினர்கள் 650 பேர், இருக்கைகளோ 427தான். முக்கியமான நாட்களில் பலர் நின்றுகொண்டேதான் விவாதம் கேட்கிறார்கள். இது தெரிந்தே எடுத்த முடிவு. 1941 மே மாதம் ஜெர்மன் குண்டுவீச்சில் அவை அழிந்தபோது, பெரிதாகக் கட்டிக்கொள்ள வாய்ப்பு இருந்தது. 1943இல் பிரதமர் சர்ச்சில் அதை மறுத்தார். மண்டபம் பெரிதானால் பெரும்பாலான விவாதங்கள் காலி இருக்கைகளுக்கு முன்னால்தான் நடக்கும் என்பது அவர் வாதம். அரைவட்ட அமைப்பும் வேண்டாம் என்றார். 1950இல் திறக்கப்பட்ட புதிய அவையில் பழைய வடிவமே திரும்பி வந்தது: எதிரெதிரே பச்சை பெஞ்சுகள், நடுவே தரைவிரிப்பில் இரண்டு சிவப்புக் கோடுகள். பேசுகிறவர் தன் பக்கக் கோட்டைத் தாண்டக் கூடாது.

அளவு விஷயத்தில் சர்ச்சில் சொன்னது சரி. ஆனால் எதிரெதிர் அமைப்பை யாரும் ஜனநாயகத்துக்காக யோசித்து உருவாக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் உறுப்பினர்களுக்குக் கிடைத்த இடம் புனித ஸ்டீபன் சிற்றாலயம். அங்கே பாடகர் குழுவுக்கான எதிரெதிர் இருக்கைகளில் அமர்ந்தார்கள், அந்தப் பழக்கமே நிலைத்துவிட்டது. இரு கட்சி அரசியலுக்கு அது பொருந்தியது. மூன்றாவது கட்சிக்கு அங்கே தனக்கென ஒரு பக்கம் இல்லை. அரைவட்ட அவைகளில் மட்டும் கூச்சல் இல்லையா என்று கேட்கலாம். உண்டு, நம் மக்களவையே சாட்சி. இருக்கை மாறினால் நடத்தை தானாக மாறிவிடாது. ஆனாலும் அரசியலில் இரண்டே பக்கங்கள்தான் என்று கட்டடம் முன்கூட்டியே தீர்மானிப்பது நியாயமல்ல. பிரிட்டிஷ் மக்களவை அமைந்துள்ள, பழுதடைந்த வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையைப் புதுப்பிப்பது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். குழாயையும் மின்கம்பியையும் மாற்றுவதோடு நிறுத்தாமல், இந்த பெஞ்சு வரிசையையும் அவர்கள் விவாதத்துக்கு எடுக்க வேண்டும்.