கட்டாத மாடிக்கு யார் பணம் தருவது?

செப்டம்பர் 1 நெருங்குகிறது. இரண்டு வாரங்களாக வந்த வாசகர் கடிதங்களில் பாதி அந்தத் தேதியைப் பற்றித்தான். அதற்குள் ஏதாவது விண்ணப்பிக்காவிட்டால் அப்பா விட்டுப்போன கடைவீட்டை அரசாங்கம் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்துவிடுமா என்று ஒருவர் பதறுகிறார். இன்னொருவருக்கு நேர்மாறான கவலை. தாமாகவே எழுதிக் கொடுத்தால் வரி குறையும் என்று அமெரிக்காவில் இருக்கும் மகள் சொன்னாளாம், அந்தப் படிவம் எங்கே கிடைக்கும் என்கிறார். மூன்றாமவருக்கு மன்னார்குடிப் பக்கம் நான்கு மா நிலம். மனை போட்டு விற்கத் துடிக்கும் தம்பியிடமிருந்து அதைக் காப்பாற்ற இதே வழி உதவுமா என்று கேட்கிறார்.

முதலில் தேதி. செப்டம்பர் 1 அன்று மாறுவது நில மேம்பாட்டுக் கட்டணத்தின் விகித அட்டவணை. மார்ச் 1, செப்டம்பர் 1 என ஆண்டுக்கு இரண்டு முறை அது மாறும். திட்ட அனுமதியால் நிலத்தின் மதிப்பு ஏறினால், ஏறியதில் ஒரு பங்கைச் சிங்கப்பூர் நில ஆணையம் வாங்கிக்கொள்கிறது. 2022 ஆகஸ்ட் 1 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது, அதற்கு முன் வேறு பெயர்களில் நடந்தது. உங்கள் வேலைக்கு இந்தக் கட்டணம் உண்டா என்பது பயன்பாடு மாறுகிறதா, தளப்பரப்பு கூடுகிறதா என்பதைப் பொறுத்தது. அதை உங்கள் கட்டட வடிவமைப்பாளரிடம் கேளுங்கள். வீடு பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதற்கும் இந்தத் தேதிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. லிட்டில் இந்தியாவின் மையப் பகுதியில் இருக்கும் வீடு என்றால், அது 1989 ஜூலை 7 அன்றே முடிந்துபோன காரியம்.

கடைவீடு என்றால் என்ன, அஞ்சடி என்றால் என்ன என்றெல்லாம் இங்கே விளக்கப்போவதில்லை. தேக்காவுக்கு ஒருமுறை கறிவேப்பிலை வாங்கப் போனவருக்கும் அது தெரியும். மகள் சொன்ன அமெரிக்க முறைக்குத்தான் விளக்கம் தேவை. அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. யோசிக்க யோசிக்கக் கொஞ்சம் பயமும் வருகிறது.

ஊர்ப் பத்திரங்களைப் புரட்டியவர்களுக்குப் 'பாத்தியம்' என்ற சொல் பழக்கம். வழிநடை பாத்தியம், வண்டிப்பாதை பாத்தியம், நீர்ப்பாய்ச்சல் பாத்தியம். என் நிலத்தின் வழியாக நீ போகலாம், உன் தண்ணீர் போகலாம் என்பது அதன் பொருள். அமெரிக்கக்காரர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். என் நிலத்தில் நானே கட்டமாட்டேன் என்று ஒரு நில அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுப்பது அவர்கள் முறை. நிலத்தை விற்றாலும், பேரன் காலத்துக்குப் போனாலும், அந்த வாக்கு நிலத்தோடேயே போகும். காப்புப் பாத்தியம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

இதை விவசாயிகளிடம் கொண்டுசேர்ப்பது பெரும்பாலும் உள்ளூர் அறக்கட்டளைகள்தாம். அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தால் பண்ணைக்காரர் பிரிக்கக்கூட மாட்டார். ஏற்கெனவே எழுதிக் கொடுத்த பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து சமையலறை மேசையில் காப்பியோடு உட்கார்ந்தால் கேட்பார். நல்ல வழிதான். ஆனால் அந்த மேசையில் பேச்சு எந்த இடத்தில் சூடுபிடிக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. குருவி, ஓடை, தாத்தா நட்ட மரம் எல்லாம் முடிந்து, வரி என்ற சொல் வரும்போது.

கணக்கு இப்படி. வீடு கட்டுபவருக்கு விற்றால் பத்து லட்சம் டாலர் பெறும் நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி யாரும் கட்டக்கூடாது என்று எழுதிவிட்டால் அது வெறும் மேய்ச்சல் நிலம், நான்கு லட்சம் பெறும். நடுவில் காணாமற்போன ஆறு லட்சத்தைப் பண்ணைக்காரர் நன்கொடையாகக் கொடுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அந்த நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு. 1976-இல் தற்காலிகமாக வந்த சலுகை 1980-இல் நிரந்தரமானது. அதாவது, கட்டாத வீடுகளுக்கு ஒரு விலை போடுகிறார்கள். அந்த விலையில் ஒரு பகுதியை, வரிச்சலுகை வழியாக, ஊரார் எல்லோரும் சேர்ந்து கொடுக்கிறார்கள். நிலம் நிறைய, கையில் காசு இல்லை என்று தவிக்கும் விவசாயிக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி.

கட்டாத வீட்டின் விலையை யார் சொல்வது? மதிப்பீட்டாளர். அவருக்குக் கூலி கொடுப்பது? நில உரிமையாளர். ஓட்டை இங்கேதான். ஒன்றுக்கும் உதவாத பொட்டலைச் சிலர் கூட்டாக வாங்குவார்கள். அங்கே சொகுசு விடுதி வந்திருக்கக்கூடும் என்று மதிப்பீட்டாளர் எழுதித் தருவார். போட்ட பணத்தைப்போல் பல மடங்கு வரிக் கழிவு கேட்பார்கள். அமெரிக்க வரித்துறை 2016 கடைசியில் இந்தக் கூட்டுகளைச் சந்தேகப் பட்டியலில் போட்டது. 2022 டிசம்பரில் வந்த சட்டம்தான், போட்ட முதலின் இரண்டரை மடங்குக்கு மேல் இத்தகைய கூட்டுகளுக்குக் கழிவு கிடையாது என்று வரம்பு கட்டியது.

நகரத்தில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமான கதை. பழைய வீட்டின் முகப்பை மாற்றமாட்டேன் என்று எழுதிக் கொடுத்து, வீட்டு மதிப்பில் 10 முதல் 15 விழுக்காடு வரை கழிவு கேட்டார்கள். வாஷிங்டன் போன்ற ஊர்களின் பழைய பகுதிகளில் முகப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று நகரச் சட்டமே ஏற்கெனவே தடுத்திருந்தது. தன்னிடம் இல்லாத உரிமையைத் தானம் கொடுத்து வரி மிச்சம் பிடித்தவர்களை என்ன சொல்வது? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தார்கள். 2006-இல் விதிகள் இறுக்கப்பட்டன.

சரி, இங்கே? வாக்குக் கொடுப்பதற்கு நமக்குக் கிராமத்து நிலக்கிழார் என்று யாரும் இல்லை. தீவின் நிலத்தில் மிகப் பெரும்பகுதி அரசாங்கத்துடையது. லிம் சூ காங் பண்ணைகள்கூட 20 ஆண்டுக் குத்தகையில் இருப்பவை. 1966-இல் இயற்றிய நில எடுப்புச் சட்டத்தின்படி எடுத்த நிலத்துக்கு முழுச் சந்தை விலை கொடுப்பது 2007-இல்தான் சட்டமானது. இப்படிப்பட்ட அரசாங்கம் யாருடைய சமையலறை மேசையிலும் உட்காரத் தேவையில்லை.

உட்காரவும் இல்லை. 1989-இல் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ எல்லாம் அரசிதழ் அறிவிப்பின் வழியாகப் பாதுகாப்புப் பகுதிகள் ஆயின. இன்று தீவு முழுவதும் 7,200-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இப்படி இருக்கின்றன. நகர மறுசீரமைப்பு ஆணையம் மூன்று கொள்கைகளைச் சொல்கிறது: முடிந்தவரை தக்கவைத்தல், நுணுக்கமாக மீட்டமைத்தல், கவனமாகப் பழுதுபார்த்தல். ஓடு, பொதுச்சுவர், மரச் சட்டம், முற்றம், சன்னல் எல்லாம் இந்த மூன்றுக்குள் வந்துவிடும். கீழே மாவரைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் வரமாட்டார். பேணல் என்ற சொல்லை ஆணையத்தின் ஏட்டில் படிக்கும்போது, சுவரைப் பேணல் என்று படித்துக்கொள்வது நல்லது.

மேலே மாடி எழுப்பும் வாய்ப்பை இழந்த உரிமையாளருக்குக் காசோலை எதுவும் வரவில்லை. வண்டி நிறுத்துமிடம் அமைக்காததற்கான கட்டணத்தில் விலக்கு போன்ற சில சலுகைகள் வந்தன. எல்லோருக்கும் ஒரே விதியும் இல்லை. லிட்டில் இந்தியா வரலாற்று வட்டாரம். அங்கே முன்கட்டு பின்கட்டு எல்லாம் சேர்த்து முழுக் கட்டடத்தையும் காக்க வேண்டும். டன்லப் ஸ்திரீட்டிலிருந்து கால்மணி நேரம் நடந்து, வண்ண ஓடு பதித்த வீடுகள் இருக்கும் பெட்டைன் ரோட்டுப் பக்கம் போனால் ஜாலான் புசார் பாதுகாப்புப் பகுதி. 1991-இல் அறிவித்த அந்த வகைப் பகுதிகளில் தெருவைப் பார்க்கும் முன்பகுதியைக் காத்துவிட்டு, பின்னால் அனுமதித்த உயரம்வரை புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். ஒரே காலத்துக் கடைவீடு, ஒரே மாதிரி அஞ்சடி, ஆனால் பின்னால் நான்கு மாடியா பழைய சமையற்கட்டா என்பது வரைபடத்துக் கோடு எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்தது.

இழப்பீடு ஏன் இல்லை என்று கேட்டால், விலைதான் ஏறிவிட்டதே என்பது வழக்கமான பதில். ஏறியது உண்மை. ஆனால் அதைப் பேணலின் மகிமை என்று மட்டும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். 1947-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001-இல் முழுவதும் நீங்கியது. முழுக்க வணிகப் பயன்பாட்டுக்கென ஒதுக்கிய கடைவீட்டை வெளிநாட்டவர் வாங்கத் தடையில்லை, வாங்குபவருக்குக் கூடுதல் முத்திரை வரியும் இல்லை. குடியிருப்பு வீடு வாங்கும் வெளிநாட்டவருக்கு அந்த வரி 2023 ஏப்ரல் 27 முதல் 60 விழுக்காடு. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல வேண்டுமா? கடைவீட்டின் எண்ணிக்கை கூடாது, உயரமும் கூடாது, வாங்க வருபவர் மட்டும் கூடுவார். உரிமையாளர் இழந்த மாடியின் விலை அவருக்குத் திரும்ப வந்தது உண்மைதான், அஞ்சடியில் நின்று பூக்கட்டுபவரின் வாடகையிலிருந்து. அமெரிக்காவில் வரி கட்டும் ஊரார் கொடுப்பதை இங்கே வாடகைதாரர் கொடுக்கிறார்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, அது பெரியவர்களுக்கு. பீச் ரோட்டில் 1973-இல் முடிந்த கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸை 2021 அக்டோபர் 22 அன்று பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தார்கள். நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள் பங்கு வைத்திருந்த அவ்வளவு பெரிய நவீனக் கட்டடத்தைக் காப்பது அதுதான் முதல்முறை. சும்மா அறிவித்தால் வாங்க யாரும் வரமாட்டார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரியும். எனவே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தளப்பரப்பு, மேம்பாட்டுக் கட்டணத்தில் ஒரு பகுதி தள்ளுபடி, குத்தகையை மறுபடி 99 ஆண்டுக்கு நீட்டிக்கும் வாய்ப்பு என்று தூண்டில் போட்டார்கள். 2022-இல் 700 மில்லியன் வெள்ளிக்கு விற்பனை ஆனது. பழையதன் பக்கத்தில் புதிய கோபுரம் எழ வழி பிறந்தது. இந்தக் கட்டாத மாடியின் விலையை அரசாங்கம் வானத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பதை மறுக்கவில்லை. அதே வானம் டன்லப் ஸ்திரீட்டுக்கு மேலும் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஊட்ரம் பக்கம் 1976-இல் கட்டிய பெர்ல் பேங்க் குடியிருப்புக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. கட்டடத்தைக் காக்கச் சொல்லி உரிமையாளர்களே முன்வந்தார்கள். தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு இருந்தும் அத்தனை பேரின் ஒப்புதலும் கிடைக்காமல் முயற்சி படுத்துவிட்டது. பத்தாண்டு கடந்த கட்டடத்தை என்பிளாக் எனப்படும் கூட்டு விற்பனையில் தள்ளிவிட 80 விழுக்காடு போதும். 2018-இல் 728 மில்லியன் வெள்ளிக்கு விற்றார்கள், பிறகு இடித்தார்கள். இடிக்க எண்பது, காக்க நூறு.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

என் வீடு பட்டியலில் இருக்கிறதா? ஆணையத்தின் இணைய வரைபடத்தில் முகவரியைத் தட்டுங்கள்.

நானாகவே கொடுக்கலாமா? 1991 முதல் தன்விருப்பப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. கொடுத்தபின் மனம் மாறினால் உங்கள் இஷ்டத்துக்குத் திரும்பப் பெற முடியாது.

அதற்கு அமெரிக்கா போல வருமான வரிக் கழிவு? இல்லை. அப்படி ஒரு படிவமே இங்கே கிடையாது.

ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்கு அரசு நிதி கிடைக்கும் வழி என் கடைக்கு ஏன் இல்லை? கோயில் 1978 முதல் தேசிய நினைவுச் சின்னம். அது வேறு சட்டம், அதற்கென்று வேறு நிதி.

வட்டாரத்தில் விளக்கக் கூட்டம் நடத்தினால் யாரை அழைக்க வேண்டும்? கடைக்காரர் சங்கமான லிஷாவைத் தேடிப் போவது எளிது. ஆனால் கடை நடத்துபவர் வேறு, கட்டடம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வேறு. இரண்டு நாற்காலி போடுங்கள்.

மன்னார்குடி நிலம்? 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தில் பாத்தியம் என்பது ஒரு நிலத்தின் நன்மைக்காக இன்னொரு நிலத்தின்மேல் இருப்பது. அறக்கட்டளைக்குக் 'கட்டமாட்டேன்' என்று எழுதிக் கொடுக்க அதில் இடமில்லை. 2020-இல் தமிழ்நாட்டில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் உங்கள் திருவாரூர் மாவட்டத்துக்கும் பொருந்தும். எண்ணெய், எரிவாயு எடுப்பது, தோல் பதனிடுவது, செம்பு உருக்குவது போன்றவற்றைப் புதிதாகத் தொடங்க அது விடாது. வயலில் மனைக்கல் நடுவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. தம்பியிடம் நீங்கள்தான் பேச வேண்டும்.