எந்த வயதில் எந்தக் கார் சீட்? எலும்பைக் கேளுங்கள்!

பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசத்துக்குக் காரில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. சாலையோரம் மேய்ந்த ஆட்டுக்குட்டி ஒன்று திடீரென்று குறுக்கே ஓடுகிறது. அப்பா பிரேக்கை அழுத்துகிறார். கார் நிற்கிறது. ஆனால் உங்கள் உடம்பு நிற்காது! பழைய வேகத்திலேயே முன்னால் போகப் பார்க்கும். இந்தக் குணத்துக்குத்தான் நிலைமம் என்று பெயர். நியூட்டனின் முதல் விதி சொல்வது இதைத்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோமா? மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்றால், கார் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் ஓடுகிறது. எதிலாவது மோதினால், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அந்த வேகம் முழுவதும் காணாமல் போய்விடலாம். அப்போது உடம்பின் ஒவ்வொரு கிலோவும் 14 கிலோ போல முன்னால் இழுக்கும். 10 கிலோ எடையுள்ள குட்டித் தம்பி 140 கிலோவாகிவிடுவான்!

“எம் பேரன நான் மடியில வச்சிக்கிடுதேன்” என்பார் ஆச்சி. ஆச்சியின் பாசத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கண் இமைக்கும் நேரத்தில் வரும் 140 கிலோ இழுப்பை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. அதனால்தான் குழந்தைகளுக்கென்று தனி கார் சீட் வேண்டும்.

செய்து பாருங்கள்

காருக்குறிச்சியில் பானை வனைகிறார்களே, அந்த மாதிரி களிமண் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொம்மை செய்யுங்கள். தலை பெரிதாக இருக்கட்டும். கழுத்துக்கு ஒரு சிறிய ஈர்க்குச்சித் துண்டு போதும். பொம்மையை முன்பக்கம் பார்த்தபடி விளையாட்டுக் காரில் உட்காரவைத்து, மார்பையும் இடுப்பையும் நூலால் கட்டுங்கள். சாய்த்து வைத்த பலகையில் காரை உருட்டிவிடுங்கள். கீழே ஒரு செங்கல் இருக்கட்டும்.

கார் மோதியதும் உடம்பு நூலில் நிற்கும். தலை மட்டும் முன்னால் தள்ளப்படும். சில சமயம் கழன்றே விழும். இப்போது பொம்மையைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க உட்காரவையுங்கள். முதுகுக்கும் தலைக்கும் பின்னால் ஒரு தீப்பெட்டியை நிறுத்திக் காரோடு சேர்த்துக் கட்டுங்கள். மறுபடி உருட்டுங்கள். தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாகத் தீப்பெட்டியில் சாயும். கழுத்து தனியாக இழுபடாது.

பச்சைக் குழந்தையின் தலை அதன் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கோ ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். குழந்தையின் கழுத்தெலும்புகளில் சில பகுதிகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். கனமான தலை, இளங்கழுத்து! சுவீடன் நாட்டு மருத்துவர் பெர்டில் ஆல்ட்மேன் இதைப் பற்றி யோசித்தார். ஜெமினி விண்கலத்து வீரர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்தபடி வேகத்தின் அழுத்தத்தைத் தாங்குவது அவருக்கு வழிகாட்டியது. பின்பக்கம் பார்க்கும் குழந்தை சீட்டை 1964-இல் அவர் சோதித்துப் பார்த்தார்.

நான்கு படிகள்

முதல் படி, பின்பக்கம் பார்க்கும் சீட். பிறந்த நாளிலிருந்து இதுதான். சீட்டில் எழுதியிருக்கும் எடை அல்லது உயர எல்லை வரும்வரை இதிலேயே இருப்பது நல்லது. கால் மடங்குகிறதே என்று பெரியவர்கள் கவலைப்படுவார்கள். கால் மடங்குவது மாற்றுவதற்கான அறிகுறி இல்லை. தலைக்கு மேல் சீட்டின் விளிம்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். ஒன்று நினைவிருக்கட்டும்: ஏர்பேக் வேலை செய்யும் நிலையில் உள்ள முன் இருக்கையில் இந்தச் சீட்டை வைக்கவே கூடாது.

இரண்டாம் படி, முன்பக்கம் பார்க்கும் சீட். இதில் இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என்று ஐந்து இடத்தில் வார் பிடிக்கும். மோதலின் அழுத்தத்தை உடம்பின் உறுதியான பகுதிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. வாரை மாட்டியபின் தோள் பக்கத்தில் கிள்ளிப் பாருங்கள். விரலில் மடிப்பு சிக்கினால் தொளதொளப்பு என்று அர்த்தம். தோள் உச்சி வார்த் துளையைத் தாண்டினாலோ எடை எல்லை முடிந்தாலோ அடுத்த படி.

மூன்றாம் படி, பூஸ்டர் சீட். இது உங்களை உயர்த்தி உட்காரவைத்து, காரின் சீட் பெல்ட் சரியான எலும்புகள் மேல் படியும்படி செய்கிறது. சிறு பிள்ளைகளின் இடுப்பெலும்பு முன்பக்கம் இன்னும் முழுதாகப் புடைத்திருக்காது. பூஸ்டர் இல்லாவிட்டால் பெல்ட் நழுவி வயிற்றில் ஏறிவிடும். வயிற்றில் எலும்பு இல்லை. உள்ளே குடலும் கல்லீரலும்தான்.

நான்காம் படி, வெறும் சீட் பெல்ட். பொதுவாக 145 சென்டிமீட்டர் உயரம் வந்த பிறகு. சிலருக்கு 8 வயதிலேயே வரும், சிலருக்கு 12 ஆகும். அப்போதும் 13 வயதுவரை பின் இருக்கைதான் பாதுகாப்பு.

அவசரம் வேண்டாம்

நம் வயல்களில் நாற்று நடுவதைப் பார்த்திருப்பீர்கள். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 போன்ற குறுகிய கால ரகத்தை மூன்று வாரத்தில் பிடுங்கி நடுவார்கள். நீண்ட கால ரகம் இன்னும் அதிக நாள் நாற்றங்காலில் இருக்கும். ஊரில் எல்லா நாற்றுக்கும் ஒரே நாள் குறிப்பதில்லை. உங்கள் வகுப்பிலும் ஒரே வயதில் நெட்டையும் குட்டையும் உண்டு அல்லவா? அதனால் கார் சீட்டுக்கும் பிறந்தநாள் மட்டும் பார்த்தால் போதாது. ஆனால் ஒரு வித்தியாசம். நாற்று நாள் தப்பினால் விளைச்சல் குறையும். சீட்டின் எல்லைக்குள் இருக்கும்வரை, தாமதமாக மாறுவதால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஒவ்வொரு படி ஏறும்போதும் சீட் தரும் காப்பு கொஞ்சம் குறைகிறது. அவசரப்பட்டால்தான் ஆபத்து.

சட்டமும் இதில் அக்கறை காட்டுகிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் கூட்டிப் போனால் 1,000 ரூபாய் அபராதம். நம் ஊரில் பல வீடுகளில் பைக்தான் வண்டி. அதற்கும் 2022-இல் விதி வந்தது: 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு வாரும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

உங்களுக்கு ஒரு வேலை

வீட்டுச் சுவரில் 145 சென்டிமீட்டரில் ஒரு கோடு போடுங்கள். கோட்டைத் தொட்டதும், நிற்கும் காரில் பூஸ்டர் இல்லாமல் உட்கார்ந்து ஐந்து கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். முதுகு சீட்டோடு ஒட்டியிருக்கிறதா? முழங்கால் சீட் விளிம்பில் மடிகிறதா? பாதம் தரையில் படிகிறதா? கீழ் பெல்ட் வயிற்றில் ஏறாமல் தொடை மேல் கிடக்கிறதா? மேல் பெல்ட் கழுத்தை உரசாமல் தோள் நடுவே போகிறதா? ஐந்துக்கும் “ஆமாம்” வந்து, ஊர் போய்ச் சேரும்வரை அப்படியே உட்கார முடிந்தால், பூஸ்டரைத் தம்பிக்கோ தங்கைக்கோ பத்திரமாக எடுத்து வைக்கலாம். ஒன்றுக்கு “இல்லை” வந்தாலும் பூஸ்டரிலேயே ஏறுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் கேலி செய்தால், இடுப்பெலும்பின் கதையை அவனுக்கும் சொல்லிக்கொடுங்கள். அவனுக்கும் அது தேவைப்படும்.