பாட்டோடு சேர்ந்து பாடும் ஆல்டர்னேட்டர்

கார் ஸ்டீரியோவின் அட்டைப்பெட்டியில் '50 வாட் x 4' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் அதிகபட்சம் 14.4 வோல்ட் அளவில் இருக்கும். ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். 14.4-ஐ அதே எண்ணால் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.84. பெட்டியில் உள்ள எண் வந்துவிட்டது. ஆனால், மின் அலை இடைவிடாமல் உச்சத்திலேயே நின்றால்தான் இவ்வளவு வாட் கிடைக்கும். பாட்டின் அலை ஏறி இறங்குவது. சீராக ஏறி இறங்கும் சைன் அலைக்கு இதில் பாதிதான் வரும். டிரான்சிஸ்டர்களில் போகும் இழப்பையும் கழித்தால், சேனலுக்கு 20 வாட் தேறினால் அதிகம்.

ஸ்டீரியோ எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், பேட்டரியின் வோல்ட்டேஜை அப்படியே பயன்படுத்தும்வரை இந்த எல்லையைத் தாண்ட முடியாது. அதைத் தாண்டத்தான் டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வைக்கிறார்கள்.

12 வோல்ட் 60 ஆகும் விதம்

ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றினால், செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றிய ஒரு வளையம் முதலில் கண்ணில் படும். அது டிரான்ஸ்ஃபார்மர். மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரத்தை மட்டுமே டிரான்ஸ்ஃபார்மரால் உயர்த்த முடியும். பேட்டரி தருவதோ மாறாத நேர்மின்சாரம். எனவே அதை மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள் விநாடிக்குப் பல பத்தாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. வளையம் அதை உயர்த்துகிறது. மறுபுறம் கூட்டல் 30 வோல்ட், கழித்தல் 30 வோல்ட் என மொத்தம் 60 வோல்ட் வீச்சு தயாராகிறது. இப்போது அதே 4 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் வரை உண்மையாகவே தள்ள முடியும்.

இந்த உத்திக்குத் தொண்ணூறு ஆண்டு வயது. பால் கால்வினின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோவை விற்கத் தொடங்கியது 1930-இல். அன்றைய வால்வுகளுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் தேவை. காரில் இருந்ததோ 6 வோல்ட் பேட்டரி. 1930-களில் வந்த 'வைப்ரேட்டர்' என்ற சிறு கருவியில், ஓர் உலோக நாக்கு படபடவென அதிர்ந்து மின்சாரத்தை வெட்டியது. அந்த நாக்கின் வேலையைத்தான் இன்று மாஸ்ஃபெட் சத்தமில்லாமல் செய்கிறது.

வயரில் தொலையும் வாட்

நான்கு சேனலுக்கும் 75 வாட் வீதம் 300 வாட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'ஏபி' வகை ஆம்ப்ளிஃபயர் வாங்கும் சக்தியில் ஏறக்குறைய 60 சதவீதத்தைத்தான் ஒலிக்குத் தரும். மீதி வெப்பமாகப் போகும். ஆக, பேட்டரியிலிருந்து 500 வாட் இழுக்க வேண்டும். அது சுமார் 36 ஆம்பியர். ஒரு ஹாலஜன் ஹெட்லைட் பல்ப் 5 ஆம்பியர் அளவில்தான் எடுக்கும்.

இந்த 36 ஆம்பியர், பானெட்டிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் பயணம் செய்ய வேண்டும். வீட்டில் லைட்டுக்கு இழுக்கும் 1.5 சதுர மி.மீ. செம்பு வயரைப் போட்டால் வழியிலேயே 2 வோல்ட் தொலைந்துவிடும். அந்த வயர் மட்டும் 70 வாட்டுக்கு மேல் வெப்பத்தைக் கக்கி, மேலுறை உருகி, தீ வரைக்கும் போகலாம். 20 சதுர மி.மீ. வயரில் அந்த இழப்பு 0.16 வோல்ட்தான். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர்களும் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் கடத்துதிறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கே இருக்கும் என்பதால், இன்னும் தடிமனாகப் போட வேண்டும்.

ஃப்யூஸ் விஷயத்திலும் கவனம் வேண்டும். அது இருக்க வேண்டிய இடம் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒன்றரை அடிக்குள். வயர் எங்காவது உரசி பாடியில் ஷார்ட் ஆனால், பேட்டரி நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். டிக்கியில் வைத்த ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காக்கலாம்; காரைக் காக்காது.

கீச்சென்று ஏறும் குரல்

எல்லாம் பொருத்தியாயிற்று. பாட்டும் நன்றாகக் கேட்கிறது. ஆனால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம் கூடவே ஏறுகிறது. காலை எடுத்தால் இறங்குகிறது. ஆம்ப்ளிஃபயர் பழுது என்று நினைத்து அதைக் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடுபவர்கள் நிறையப் பேர். உண்மையில் அங்கே பாடிக்கொண்டிருப்பது ஆல்டர்னேட்டர்.

ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்வது மூன்று கட்ட மாறுமின்சாரம். அதை ஆறு டயோடுகள் நேராக்குகின்றன. நேராக்கிய பிறகும் அதன் மேல் சிறு நெளிவு மிஞ்சுகிறது. 12 காந்த முனைகள் உள்ள ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுச் சுற்றினால் 36 நெளிவுகள். இன்ஜின் 800 ஆர்பிஎம்மில் சும்மா ஓடும்போது, ஆல்டர்னேட்டர் பெல்ட் வழியாக 2,000 ஆர்பிஎம் அளவில் சுழலும். அதாவது விநாடிக்கு 1,200 நெளிவுகள். இன்ஜின் 3,000-ஐத் தொட்டால் அது 4,500 ஆகும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது இந்த எல்லையில்தான்.

இந்த நெளிவு பாட்டுக்குள் நுழைவது எர்த் வழியாக. ஸ்டீரியோவுக்கு எர்த் டேஷ்போர்டுக்குப் பின்னால். ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் டிக்கியில். இரண்டும் காரின் ஒரே இரும்பு பாடிதான் என்றாலும், அந்த இரும்பின் வழியாகக் காரின் மொத்த மின்சாரமும் திரும்பி ஓடுகிறது. எனவே இரண்டு இடங்களுக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரின் வெளியுறை இந்த இரண்டையும் இணைத்துவிடுகிறது. அந்த வித்தியாசத்தால் நெளிவு கலந்த மின்சாரம் அதன் வழியே பாய்கிறது. எது பாட்டு, எது நெளிவு என்று ஆம்ப்ளிஃபயருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே பெரிதாக்குகிறது.

ஆர்சிஏ வயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து உருவிப் பாருங்கள். சத்தம் நின்றால் அது அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது. பிறகு எர்த் போல்ட்டைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அதன் கீழே பெயின்ட் அப்படியே இருக்கும். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் மரைகள் தொடும் அளவுக்குத்தான் தொடர்பு கிடைத்திருக்கும். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகு எர்த் வயரின் முனையை வைத்து இறுக்க வேண்டும். எர்த் வயர் ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டை இதற்குத் தொடக் கூடாது. துளை போடுவதானால், கீழே பெட்ரோல் டேங்க் இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பவர் வயரைக் காரின் ஒரு பக்கமாகவும் ஆர்சிஏ வயரை மறுபக்கமாகவும் கொண்டுபோவது நல்லது.

சத்தமே வராவிட்டால்

மல்ட்டிமீட்டரை எடுத்து ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனையில் கறுப்பு முள்ளை வையுங்கள். சிவப்பு முள்ளைப் பவர் முனையில் வைத்தால் 12 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். ஸ்டீரியோவை ஆன் செய்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்யச் சொல்லும் ரிமோட் முனையில் வைத்தாலும் அதே அளவு வர வேண்டும். முன்னது இல்லாவிட்டால் ஃப்யூஸையோ எர்த்தையோ பாருங்கள். பின்னது இல்லாவிட்டால் ஸ்டீரியோவிலிருந்து வரும் மெல்லிய ரிமோட் வயரைப் பாருங்கள். இரண்டும் இருந்தும் 'புரொடெக்ட்' விளக்கு எரிந்தால், ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். விளக்கு அணைந்தால், ஏதோ ஒரு ஸ்பீக்கர் வயர் பாடியில் உரசுகிறது அல்லது ஸ்பீக்கரே ஷார்ட். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் எரிந்தால்தான் ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு கணக்கையும் நினைவில் வையுங்கள். வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே பெட்டியில் உள்ள எண்ணைத் துரத்தாதீர்கள். அதற்கென வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தடித்த செம்பு வயருக்கும், பேட்டரி பக்கத்து ஃப்யூஸுக்கும், ஒழுங்கான எர்த்துக்கும் செலவிடுங்கள். பொருத்துபவர் பெயின்டைச் சுரண்டுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.